ஆடுகளத்துப் பங்காளிகள்

கிழக்கேகோட்டை வாயிலிலிருந்து மகாத்மா காந்தி சாலை வழியே வடக்கு நோக்கி நடப்பவர், தலைமைச் செயலகத்தைக் கடந்ததும் பல்கலைக்கழகக் கல்லூரியைக் காண்பர். அப்பால் பாளையத்தில் பல்கலைக்கழக விளையாட்டரங்கம் இருக்கிறது. அரை மணி நேர நடைதான். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கோட்டைக்ககத்தும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழி அது. படிப்பின் பொருட்டுக் கல்லூரிக்குச் சென்றனர். ஆட்டத்தின் பொருட்டு அரங்கிற்குச் சென்றனர். கல்லூரியின் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். ஆடுகளத்தின் வரலாற்றையும் சிறிது எண்ணிப் பார்ப்பது நம்மவர்க்குப் பயன் தரும். நம் குடும்பங்களைப் பிரித்த எல்லைக்கோடுகள் அக்களத்தின் மீதும் விழுந்திருக்கின்றன.

பல்கலைக்கழக அணி ஒன்று உருவாகும் முறையை முதலில் நினைவு கூர்வோம். ஒரே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகள் தம்முள் மோதும். அவற்றில் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்துப் பல்கலைக்கழக அணி அமைப்பர். அவ்வணி தென்மண்டலப் போட்டியிலும், ஆங்கு வென்றால் அனைத்திந்தியப் போட்டியிலும் ஆடும். சென்ற வாரம் காலை இடறி வீழ்த்தியவனே இந்த வாரம் பந்தைக் கடத்திக் கொடுக்கும் தோழனாகிறான். சட்டை மாறினால் பகையும் மாறும். ஆகவே எந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்ற ஆட்சித்துறைக் கேள்வியே, யார் யாருக்குத் தோழன், யார் யாருக்கு எதிரி என்பதையும் முடிவு செய்கிறது.

1866ஆம் ஆண்டு மகாராஜா கல்லூரி என்னும் பெயரில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தது. 1937ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. சித்திரைத் திருநாள் மன்னர் வேந்தராகவும், தமிழரான சர் சி. பி. இராமசாமி ஐயர் முதல் துணைவேந்தராகவும் அமைந்தனர். சமஸ்தானத்திற்குள் சென்னையைச் சார்ந்திருந்த பத்துக் கல்லூரிகள் புதிய பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. அது முதல் நாகர்கோவில் மாணவனும் திருவனந்தபுரம் மாணவனும் ஒரே சட்டையணிந்து ஆடத் தகுதி பெற்றனர்; சென்னைக் கல்லூரி மாணவர்கள் வேற்றணியினர் ஆயினர்.

இந்த ஏற்பாடு பத்தொன்பது ஆண்டுகளே நிலைத்தது. 1956ஆம் ஆண்டு, அதே நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன. ஸ்காட் கிறித்தவக் கல்லூரியும், 1952இல் தோன்றிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் மீண்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தின்பாற் சென்றன. பின்னர் 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் அவற்றை ஏற்றது. 1990இல் அவை திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. கல்லூரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன; அவற்றின் மாணவர் அணிய வேண்டிய சட்டை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஒரே களத்தில் தோள் சேர்த்து ஆடியவர்களின் தம்பியரும் மக்களும் எதிரெதிர் நிற்கும் நிலை பிறந்தது.

இப்பக்கத்திலும் பாகப்பிரிவினை ஓயவில்லை. 1957இல் கேரளப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறி மாநிலம் முழுவதையும் ஆண்ட தாய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து, 1968இல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் பிரிந்தது. 1983இல் கோட்டயத்தில் காந்தியடிகள் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் பிரிந்தது. 1996இல் கோழிக்கோட்டிலிருந்து கண்ணூர் தனிக்குடித்தனம் போயிற்று. தனிக்குடித்தனம் போன பிள்ளை தாய்வீட்டாரை விஞ்சிக் காட்ட வேண்டுமென்று துடிப்பது உலக இயல்பு. பிறந்து மூன்றே ஆண்டுகளில், 1971இல், கோழிக்கோட்டார் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான கால்பந்தில் அசுதோஷ் முகர்ஜி கோப்பையை வென்றனர். அவ்வணியில் ஆடிய கோல் காவலர் விக்டர் மஞ்ஞிலா, 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோதும் அணியில் இருந்தார். கைப்பந்து வீரர் ஜிம்மி ஜார்ஜும் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்திற்காக ஆடியவரே. 1987இல் இத்தாலியில் விபத்தில் உயிர்நீத்த அவர் பெயரைத் திருவனந்தபுரத்து உள்ளரங்கம் இன்று தாங்கி நிற்கிறது. பங்காளி வீட்டுப் பிள்ளையின் பெயரைத் தன் முற்றத்தில் பொறித்து வைத்த பெருந்தன்மை இந்நகருடையது.

பங்காளிகள் போட்டியாளராவது நம் நாட்டிற்கே உரிய வழக்கமன்று. ஆக்ஸ்போர்டை விட்டு வெளியேறிய அறிஞர்களே 1209இல் கேம்பிரிட்ஜில் கல்விக்கூடம் கண்டனர். அவ்விரு பல்கலைக்கழகங்களும் 1827இல் கிரிக்கெட்டிலும் 1829இல் படகோட்டத்திலும் மோதத் தொடங்கின. தேம்சு ஆற்றுப் படகுப் போட்டி இன்றளவும் புகழோடு நடைபெறுகிறது. வடக்கே, 1882இல் இலாகூரில் தோன்றிய பஞ்சாப் பல்கலைக்கழகம் நாட்டுப் பிரிவினையால் இரண்டானது. இந்தியப் பகுதியில் 1962இல் பாட்டியாலாவிலும் 1969இல் அமிருதசரசிலும் மேலும் இரு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. 1956-57 முதல் ஒட்டுமொத்த விளையாட்டுச் சிறப்பிற்காக வழங்கப்பெறும் மௌலானா ஆசாத் கோப்பைக்கு, சண்டிகர், பாட்டியாலா, அமிருதசரசு ஆகிய இம்மூன்று பங்காளிகளும் நெடுங்காலமாகத் தம்முள் போராடி வருகின்றனர். அமிருதசரசின் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் அதனை இருபது முறைக்கு மேல் வென்றுள்ளது. பிரிவினை அவர்கட்கு ஆற்றலாக விளைந்தது.

நம் நகரின் ஆடுகளத்தை வளர்த்தவர்களுள் தலைசிறந்தவர் கர்னல் கோதவர்ம ராஜா. பூஞ்ஞாற்றில் 1908இல் பிறந்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் புரிந்த அவர், 1950இல் கிரிக்கெட் சங்கத்தையும் 1954இல் விளையாட்டு மன்றத்தையும் நிறுவ முன்னின்றார். 1971இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் மறைந்தார். அவர் பிறந்த அக்டோபர் 13ஆம் நாளே கேரளத்தின் விளையாட்டு நாள். பல்கலைக்கழக விளையாட்டரங்கமும் உலக அணிகளைக் கண்டது. 1984இல் ஆஸ்திரேலியாவோடு நடந்த ஆட்டத்தை மழை கொண்டுபோயிற்று. 1988 ஜனவரி 25ஆம் நாள் மேற்கிந்தியத் தீவினரை எதிர்த்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற நம் சீக்காந்த் 101 ஓட்டம் குவித்தார். ஆட்டம் நம் கையை விட்டுப் போயிற்று; ஒன்பது விக்கெட் வேறுபாட்டில் எதிரணி வென்றது. எனினும் தமிழ்ப் பிள்ளை ஒருவன் அடித்த அடிகளுக்கு மலையாள நகரத்தின் அரங்கம் முழங்கியது. பின்னாளில் காரியவட்டத்தில் பல்கலைக்கழக நிலத்தில் எழுந்த பேரரங்கம், 2015இல் தேசிய விளையாட்டு விழாவுக்குத் திறக்கப்பெற்றது.

இனி, நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்விக்கு வருவோம். தென்மண்டலப் போட்டியில் கேரளப் பல்கலைக்கழகமும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் சந்தித்தால், திருவனந்தபுரத்துத் தமிழர் யாருக்காகக் கை தட்டுவது? தாத்தா நாகர்கோவிலில் படித்தவர். பேரன் பாளையத்தில் படிக்கிறான். வீட்டிற்குள்ளேயே கட்சி இரண்டாகும்.

இதற்கு விடை அப்பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருக்கிறது. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று, அங்கேயே தத்துவம் கற்பித்தவர். 1891இல் மனோன்மணியத்தை வெளியிட்டவரும் இந்நகரில் வாழ்ந்த அப்பேராசிரியரே. அதன் வாழ்த்துப் பாடலையே 1970இல் தமிழகம் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. எதிரணியினர் மார்பில் தாங்கி வரும் பெயர், நம் கல்லூரி வகுப்பறையில் பாடம் சொன்ன ஆசிரியரின் பெயர். எந்த அணி வென்றாலும் பாதி வெற்றி நம் தெருவிற்கு உரியது.

கேரளக் கரையின் தென்கோடி ஊர் பொழியூர். அதை அடுத்துத் தமிழகத்தின் முதல் ஊர் நீரோடி. இரண்டிலும் மீனவச் சிறுவர்கள் மணலில் பந்து உதைத்து வளர்கிறார்கள். பொழியூர்ச் சிறுவன் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் சேர்ந்தால் கேரளப் பல்கலைக்கழகச் சட்டையை அணிவான். நீரோடிச் சிறுவன் தூத்தூர்க் கல்லூரியில் சேர்ந்தால் சுந்தரனார் பல்கலைக்கழகச் சட்டையை அணிவான். போட்டி நாளில் இருவரும் உயிரைக் கொடுத்து மோதட்டும். அதுவே ஆட்டத்திற்கு அழகு. விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் அதே மணலில், அதே பந்தை, ஒரே அணியாக நின்று உதைப்பார்கள். தமிழ் பேசும் வீட்டிலிருந்து கேரளச் சட்டையோடு புறப்படும் நம் பிள்ளைகளையும் அந்த மனத்தோடே வழியனுப்பி வைப்போம்.