எழும்பூர் தந்த ஆய்வுப் பழக்கம்

கண் நோய் ஆய்வில் இளையோரை எவ்வாறு பயிற்றுவிப்பது? இவ்வினாவை எழுப்புவோர் கருவிகளையும் ஆய்வுக்கூடங்களையுமே முதலில் எண்ணுவர். வரலாற்றை நோக்கினாலோ, அப்பயிற்சியின் அடித்தளம் எளியதொரு பழக்கம் என்பது புலனாகும். சிகிச்சைக்குப் பின் நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டு எழுதிவைப்பதே அது. சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையின் வரலாற்றைக் கொண்டு இதனைக் காண்போம்.

லண்டனில் 1805இல் தோன்றிய மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையை முன்மாதிரியாகக் கொண்டு, 1819இல் சென்னை ராயப்பேட்டையில் கண் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. ராபர்ட் ரிச்சர்ட்சன் அதன் முதல் பொறுப்பாளர். 1884இல் அது எழும்பூருக்கு மாறியது.

அக்காலத்தில் ஊர்ப்புறங்களில் புரை தள்ளும் முறை வழக்கில் இருந்தது. சுசுருத சங்கிதை கூறும் தொன்மையான முறை அது. கூரிய கருவியால் மங்கிய கண்வில்லையைப் பார்வையின் வழியிலிருந்து விலக்கிவிடுவர். நோயாளி உடனே வெளிச்சம் காண்பார். கூலி பெற்றவர் அடுத்த ஊருக்குச் சென்றுவிடுவார். சில வாரங்களில் கண் சீழ்பிடித்தோ அழுத்தம் மிகுந்தோ கெட்டாலும் அவர் அறியார். அவருடைய கைத்திறனைப் பழிப்பது நம் நோக்கமன்று. தம் பிழையைக் காண அவருக்கு வழி இல்லாது போயிற்று என்பதே நாம் கருத வேண்டியது.

அவ்வாறு கெட்ட கண்களோடு பலர் எழும்பூரை நாடினர். 1904 முதல் அங்குப் பொறுப்பு வகித்த ராபர்ட் ஹென்றி எலியட், அவர்களைப் பற்றிய விவரங்களைத் தொகுத்தார்; அகற்றப்பட்ட கண்களையும் ஆராய்ந்தார். அவ்வாய்வை 1917இல் லண்டனில் அறுவை மருத்துவர்களின் அரச கல்லூரியில் சொற்பொழிவுகளாக வழங்கினார். கருவிழியும் வெள்விழியும் சேரும் விளிம்பில் சிறு துளையிட்டு உள்நீரை வடியச்செய்யும் அறுவை முறையை 1909இல் அறிவித்தவரும் அவரே. கண் நீர் அழுத்த நோய்க்கான மருத்துவம் அது. அவர் பெயரில் எழும்பூரில் அருங்காட்சியகமும் அமைந்தது. தோல்வியுற்ற கண்ணும் மாணவருக்குப் பாடமாகும் என்பதே இவற்றால் நாம் பெறும் செய்தி.

மொழியியலார் என்ற முறையில் இங்கு ஒன்று கூறுவோம். தமிழ் மக்கள் தாம் உணர்ந்த கண் குறைகளுக்கெல்லாம் பெயரிட்டுள்ளனர். அந்தியில் பார்வை மங்குவது மாலைக்கண். வயது ஏறியபின் அருகிலுள்ள எழுத்துத் தெளியாமை வெள்ளெழுத்து. கருவிழியில் வெண்மை படர்வது பூ விழுதல். கண் நீர் அழுத்த நோய் என்பதோ பிற்காலத்தில் ஆக்கப்பட்ட கலைச்சொல். பெரும்பாலும் வலியின்றி, பார்வையின் ஓரங்களை மெல்லக் கவர்ந்து செல்லும் நோய் அது. உணராத நோய்க்கு மக்கள் எவ்வாறு பெயரிடுவர்? ஆகவே, நோயாளி வாய்விட்டுச் சொல்லாததையும் தேடிக் காண இளம் ஆய்வாளர் பழக வேண்டும். அவர் சொல்வதை அவர் மொழியிலேயே கேட்டறியவும் வேண்டும். “பூ விழுந்தது” என்பதைப் “புரை விழுந்தது” என்று குறித்துக்கொண்டால், பதிவு தொடக்கத்திலேயே பிழையாகிவிடும்.

எழும்பூரில் கண் மருத்துவம் பயின்றவர்களுள் ஒருவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்தபோதும் அறுவைப் பணியைக் கைவிடாத அவர், அரசுப்பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது இன்று மருத்துவரையும் ஆய்வாளரையும் பயிற்றுவிக்கும் பெரும் நிலையமாக வளர்ந்துள்ளது.

சிங்கப்பூரிலும் 1997இல் கண் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. 2007 முதல் 2009 வரை இங்கு வாழும் இந்தியர்களுள் 40 வயதைக் கடந்த சுமார் 3,400 பேரின் கண்கள் ஆராயப்பட்டன. அவர்கள் நம் பெற்றோர், நம் அண்டை வீட்டார். நாளை அத்தகைய ஆய்வில் ஈடுபடப்போகும் மாணவர் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கலாம். அறிவியலோடு, முதியோர் பேசும் தமிழைப் பொறுமையாகக் கேட்டு, கேட்டவாறே எழுதும் பழக்கத்தையும் அவர்களுக்கு நாம் கற்பிப்போமாக.