ஓகே

ஓகே என்பது ஒப்புதலைத் தெரிவிக்கும் ஆங்கிலச் சொல். 1839இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பத்திரிகைக் கேலியாக அச்சேறியது. பெயர், வினை, பெயரடை, வினையடை என எந்த வேலைக்கும் வளைந்து கொடுக்கும்.

சம்மதம் சொல்லும் இந்தச் சொல்லில் பாராட்டு இல்லை. ‘சாப்பாடு ஓகே’ என்றால் சமைத்தவருக்கு முகம் வாடிவிடும். கீழே விழுந்தவரிடம் ‘ஓகேவா?’ என்றால் அடி படவில்லையே என்று பொருள். பேச்சின் நடுவில் தனியாக வந்தால், இந்த விஷயம் முடிந்தது, அடுத்ததைப் பார்க்கலாம் என்ற அறிவிப்பு.

1830களின் இறுதியில் பாஸ்டன் நாளேடுகளுக்கு ஒரு விளையாட்டுப் பித்து பிடித்திருந்தது. தொடர்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிடுவார்கள். ‘ஆல் ரைட்’ இப்படித்தான் ‘ஓ.டபிள்யூ.’ ஆனது. ‘எல்லாம் சரி’ என்ற பொருளுடைய ‘ஆல் கரெக்ட்’ சிதைந்து ‘ஓ.கே.’ ஆனது. 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ அதை வெளியிட்டது. கூடப்பிறந்த சுருக்கங்களில் பெரும்பாலானவை மறைந்துபோக, இதை ஒரு தேர்தல் காப்பாற்றியது.

1840இல் மறுமுறை போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக். ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்ற பட்டப்பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஆதரவாளர்கள் ‘ஓ.கே. கிளப்’ தொடங்கினார்கள். எதிர்க்கட்சியினர் சும்மா இருப்பார்களா? முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர் போட்ட பிழைதான் ஓ.கே. என்று கதை கட்டினார்கள். வான் பியூரன் தோற்றார். சொல் அதற்குள் ஊர் ஊராகப் பரவிவிட்டது. பின்னர் தந்தி அலுவலகங்களும் செய்தி கிடைத்தது என்பதற்கு இதையே பயன்படுத்தின.

சாக்டா பழங்குடி மொழியின் ‘ஓக்கே’தான் மூலம் என்ற கருத்தும் உண்டு. அதிபர் உட்ரோ வில்சன் அதை நம்பி அப்படியே எழுதிவந்தார். கிரேக்கம், மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் ஆகியவற்றையும் சொல்வார்கள். ஒலி ஒத்துப்போவதைத் தவிர இவற்றுக்கு வலுவான சான்று இல்லை. மொழியறிஞர் ஆலன் வாக்கர் ரீட் 1963-64இல் பழைய நாளேடுகளைத் துருவி வெளியிட்ட கட்டுரைகளே பாஸ்டன் வரலாற்றை நிலைநாட்டின.

தமிழ்ப் பேச்சில் ‘ஓகே பண்ணு’, ‘ஓகே ஆயிடுச்சு’ என்று துணைவினையோடு வழங்குகிறது. பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டில் இரண்டாவதைச் சொன்னால், சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.