550: திரும்பி வந்த அஞ்சலின் கதை

தபால்காரர் ஒரு கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் உறையின் மேலேயே காரணம் எழுதியிருக்கும். வீடு பூட்டியிருந்தது, விலாசதாரர் இல்லை, வாங்க மறுத்துவிட்டார் என்று ஏதாவது ஒன்று. மின்னஞ்சல் திரும்பி வந்தால்? 550 என்று ஒரு எண், பக்கத்தில் பாதி புரியாத ஒரு வரி. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் கிடைத்த கதை இது.

1974-ல் ஜான் போஸ்டல், கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. முறைக்கான மூன்று இலக்கப் பதில் எண்களைத் திருத்தி ஒழுங்குபடுத்தினார். 1982 ஆகஸ்டில் அவரே எழுதிய ஆர்.எஃப்.சி. 821, எஸ்.எம்.டி.பி. என்ற மின்னஞ்சல் நெறிமுறையிலும் அதே பாணியைக் கொண்டுவந்தது. முதல் இலக்கம் 2 என்றால் வேலை முடிந்தது. 4 என்றால் கொஞ்சம் கழித்து முயற்சி செய். 5 என்றால் முடியாது. எண் கணினிக்கு, பக்கத்து வாசகம் மனிதருக்கு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'அப்படி ஒரு அஞ்சல்பெட்டியே இல்லை', 'பெட்டி இருக்கிறது, உனக்கு அனுமதி இல்லை' இரண்டுக்கும் ஒரே 550! அன்று இணைந்திருந்த கணினிகள் சில நூறுதான் என்பதால் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

1996-ல் ஆர்.எஃப்.சி. 1893 இதைப் பிரித்தது. 5.1.1 என்றால் முகவரி தவறு, 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது, 5.7.1 என்றால் அனுமதி இல்லை. அடுத்த ஆண்டே பால் விக்சி முதலானோர் எரிதம் அனுப்பும் ஐ.பி. முகவரிகளுக்கான தடைப்பட்டியலைத் தொடங்கினார்கள். ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் ஒருவர் எரிதம் அனுப்பினால் எல்லோருக்கும் தடை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

ஆனால் மருந்தும் அங்கேயே இருந்தது. பட்டியலில் ஒவ்வொரு முகவரியோடும் ஒரு வாசகம் சேர்க்கலாம்: ஏன் தடை, எந்தப் பக்கத்தில் போய் நீக்கச் சொல்லலாம் என்று. மறுக்கும் சர்வர் அதை அப்படியே பதிலில் ஒட்டிவிடலாம். பல சர்வர்கள் அதைச் செய்யாமல், எல்லா மறுப்பையும் 5.7.1 என்ற ஒரே மூட்டையில் கட்டின. 2014-ல்தான் ஆர்.எஃப்.சி. 7372 வந்து, எஸ்.பி.எஃப். சோதனையில் தோற்றால் 5.7.23, பின்னோக்கு டி.என்.எஸ். சரியில்லை என்றால் 5.7.25 என்று தனித்தனி எண்கள் கொடுத்தது.

காரணம் சொன்னால் எரிதக்காரன் உஷாராகிவிட மாட்டானா என்று கேட்கலாம். வடிகட்டியின் நுணுக்கங்களைச் சொல்லத் தேவையில்லை. எரிதக்காரன் ஒரு முகவரி அடைபட்டால் அடுத்ததற்குத் தாவிவிடுவான். திரும்பி வந்த வரியை உட்கார்ந்து படிப்பவர், வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிய அப்பாவிதான்.

அவருக்கு வேண்டியது மூன்றே விஷயம்: மறுத்தது யார், எதனால், யாரிடம் முறையிடுவது. போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரிக்கு வரும் அஞ்சலை முடிந்தவரை ஏற்க வேண்டும் என்று 2001-ல் வந்த ஆர்.எஃப்.சி. 2821 சொன்னதும் இதற்காகத்தான். கதவைச் சாத்தலாம், தப்பில்லை. அழைப்புமணி எங்கே என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.