கற்றல் நோக்கங்கள் (செவிலியர், நலக் கல்வி)

செவிலியர் கல்வியிலும் நலக் கல்வியிலும் கற்றல் நோக்கம் என்பது, ஒரு பாடமோ நலவுரையோ முடிந்தபின் கற்பவரால் என்ன செய்ய இயலும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் கூற்று ஆகும். ஆசிரியர் எதைக் கற்பிக்கப் போகின்றார் என்பதை இது கூறுவதில்லை. கற்பவரிடம் காணப்பட வேண்டிய மாற்றத்தையே கூறுகின்றது.

வரலாறு

கல்வி நோக்கங்களை முறையாக வரையறுக்கும் சிந்தனையை அமெரிக்கக் கல்வியியலாளர் இரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. பெஞ்சமின் புளூமும் அவருடன் பணியாற்றியோரும் 1956இல் அறிவுசார் நோக்கங்களை ஆறு படிநிலைகளாக வகைப்படுத்தினர். மனப்பாங்குசார் களத்திற்கான வகைப்பாடு 1964இல் வெளிவந்தது. கைத்திறன்களைக் குறிக்கும் உளஇயக்கக் களத்தைப் பிற்காலத்தில் வேறு சிலர் வகுத்தனர். ஊசி போடுதல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்றவற்றைக் கற்பிக்கும் செவிலியர் கல்விக்கு இம்மூன்றாவது களம் இன்றியமையாதது. 2001இல் புளூமின் வகைப்பாடு திருத்தப்பட்டபோது பெயர்ச்சொற்களாக இருந்த படிநிலைகள் வினைகளாக மாற்றப்பட்டன. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என்பன அவை.

இந்தியாவில் செவிலியர் கல்வியை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய செவிலியர் மன்றம் நெறிப்படுத்தி வந்துள்ளது. அது 2021இல் திருத்திய இளநிலைப் பாடத்திட்டம் பருவமுறையிலும் தகுதி அடிப்படையிலும் அமைந்தது.

அமைப்பு

இராபர்ட் மேகர் 1962இல் வெளியிட்ட நூலில் ஒரு நல்ல நோக்கத்தின் கூறுகளாக மூன்றைக் குறிப்பிட்டார்: கற்பவரின் செயல், அது நிகழும் சூழல், ஏற்கத்தக்க அளவு. கற்பவர் யார் என்பதையும் சேர்த்து நான்காகக் கொள்ளும் வழக்கமும் உண்டு.

இவற்றுள் வினைச்சொல்லே முதன்மையானது. "அறிந்துகொள்வர்", "விழிப்புணர்வு பெறுவர்" ஆகியன கண்ணால் காண இயலாதவை. "கூறுவர்", "செய்துகாட்டுவர்", "வேறுபடுத்துவர்" ஆகியவற்றைச் சோதிக்கலாம். மென்பொருள் எழுதுவோர், சோதிக்க முடியாத தேவையைத் தேவையாகவே ஏற்பதில்லை. இங்கும் நிலைமை அதுவே. எடுத்துக்காட்டாக, "தாய்மார் உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றி அறிவர்" என்பதைவிட, "தாய் தம் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டே ஒரு லிட்டர் குடிநீரை அளந்து, ஒரு பொட்டலம் முழுவதையும் அதில் கரைத்துக் காட்டுவார்" என்பது பயனுடையது. பொட்டலத்தில் பாதியை ஒரு குவளை நீரில் கரைக்கும் பிழை இரண்டாவது நோக்கத்தில்தான் வெளிப்படும். கரைசல் அடர்த்தியானால் குழந்தையின் இரத்தத்தில் உப்பு மிகுந்து தீங்கு நேரும்.

செவிலியர் மாணவர்கள் எழுதும் பாடத்திட்டக் குறிப்பில் பொது நோக்கம் ஒன்றும், அதனைப் பிரித்துக்கூறும் சிறப்பு நோக்கங்கள் பலவும் இடம்பெறும். சிறப்பு நோக்கங்களுக்கு எதிரே நேரம், பாடப்பொருள், ஆசிரியர் செயல், கற்பவர் செயல், மதிப்பீடு ஆகியன கட்டங்களில் எழுதப்படுகின்றன. குறிப்பேட்டிற்காக எழுதப்படும் நோக்கம் ஊர்மக்கள் முன் நிற்கும்போது பயன்படாமற் போவது உண்டு.

எடுத்துக்காட்டு: பீங்கான் தொழிலாளர்

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் இங்கு அமைந்தன. பீங்கான் கலவையில் களிமண்ணுடன் குவார்ட்சும் ஃபெல்ட்சுபாரும் சேர்க்கப்படுகின்றன. உலர்ந்த மூலப்பொருளை அரைக்கும்போதும், காய்ந்த பொருளின் விளிம்பைத் தேய்க்கும்போதும், தரையைப் பெருக்கும்போதும் எழும் நுண்துகளில் படிகச் சிலிக்கா இருக்கக்கூடும். பல ஆண்டுகள் அதனைச் சுவாசிப்போருக்குச் சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோய் வரலாம். இந்நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. காசநோய்க்கான வாய்ப்பையும் இது கூட்டுகின்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தது.

இத்தகைய பட்டறையில் நலவுரை ஆற்றும் செவிலியர், "தொழிலாளர் சிலிக்கோசிசு பற்றிப் புரிந்துகொள்வர்" என எழுதினால், உரை முடிந்ததும் அனைவரும் தலையசைப்பர். மறுநாளும் உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்குவர். மாறாகப் பின்வருமாறு எழுதலாம்:

* உலர்ந்த தரையை நீர் தெளித்து ஈரமாக்கியபின் தூய்மை செய்துகாட்டுவார்.
* முகத்தில் கட்டிய துண்டு நுண்துகளை ஏன் தடுக்காது என்பதைத் தம் சொற்களில் கூறுவார். வடிகட்டும் முகமூடியை விளிம்பில் காற்றுக் கசியாமல் அணிந்துகாட்டுவார்.
* நீடித்த இருமலோ மூச்சிரைப்போ இருந்தால், தாம் செய்யும் வேலை இன்னதென்பதை மருத்துவரிடம் தாமே எடுத்துரைப்பார்.

மூன்றாவது நோக்கம் சிறியதாகத் தோன்றினும் முக்கியமானது. தொழிலைக் கேட்டறியாத மருத்துவர், சிலிக்கோசிசைக் காசநோய் என்று மட்டும் கொள்ள இடமுண்டு.

குறைகள்

அளந்தறியக் கூடியவற்றையே நோக்கங்களாக எழுதும் போக்கில் பரிவு, நோயாளியின் அச்சத்தைக் கேட்கும் பொறுமை போன்றவை விடுபடுகின்றன என்பது நெடுநாளைய விமர்சனம். அவற்றிற்கு மனப்பாங்குக் களத்தில் நோக்கம் எழுதலாம் என்றாலும், ஒரு மணிநேர வகுப்பின் முடிவில் அவற்றைச் சோதிப்பது எளிதன்று.

இன்னொரு குறை நலக் கல்விக்கே உரியது. நோக்கத்தின் எழுவாய் எப்போதும் தொழிலாளியாகவே இருந்தால் நோய்க்கான பொறுப்பும் அவர் மேலேயே விழும். தூசு தோன்றும் இடத்திலேயே அதனை உறிஞ்சும் காற்றுப்போக்கியை அமைப்பதும் ஈரமுறையில் அரைப்பதும் முகமூடியைவிட முதன்மையான தடுப்புகள். அவை பட்டறை உரிமையாளரின் கையில் உள்ளன. எனவே "மேற்பார்வையாளர் தம் பட்டறையில் தூசு எழும் இடங்களைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொன்றிற்கும் ஒரு தடுப்பைத் தெரிவுசெய்வார்" என்ற நோக்கமும் அதே பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். உரை முடிந்தவுடன் வினாக் கேட்பது மட்டும் இதற்குப் போதாது. சில வாரங்கள் கழித்துப் பட்டறைக்கு மீண்டும் சென்று, தரை ஈரமாக இருக்கின்றதா எனப் பார்ப்பதே மதிப்பீடாக அமையும்.