கையில் இல்லை குறை: கிள்ளான் பள்ளத்தாக்கின் புல்திடல் ஹாக்கியும் செயற்கைத் தரையும்

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி நடந்தது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசிய அணி, நெதர்லாந்தை 2-1 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அங்கே இந்தியாவுடன் கூடுதல் நேரம் வரை மல்லுக்கட்டி 3-2 என்று தோற்று, முடிவில் நான்காம் இடம் பெற்றது. மெர்டேக்கா அரங்கத்திலும் கிலாட் கிளப் திடலிலும் நடந்த ஆட்டங்கள் எல்லாமே புல்மேல் நடந்தவை. அடுத்த ஆண்டு மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. மலேசியா எட்டாம் இடத்தில் நின்றது. 1975-இன் அந்த நான்காம் இடத்தை நம் அணி அதற்குப் பிறகு உலகக் கிண்ணத்தில் எட்டவே இல்லை. இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: புல்திடலில் வளர்ந்த ஆட்டக்காரன் டர்ஃப் எனும் செயற்கைத் தரையில் எடுபடமாட்டான், மணிக்கட்டு வித்தையின் காலம் முடிந்துவிட்டது. இந்த முடிவு பாதிதான் சரி. மற்றப் பாதி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால், கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பிள்ளைகளை ஹாக்கிக்குத் தயார் செய்யும் முறையே தடம் மாறிவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஹாக்கி இங்கே வேர்விட்ட விதத்தை முதலில் பார்க்க வேண்டும். ஆங்கிலேயரின் கிளப்புகளிலும் படைமுகாம்களிலும் தொடங்கிய ஆட்டம், அரசாங்க இலாகாக்கள் வழியாகவும் ஆங்கிலப் பள்ளிகள் வழியாகவும் கீழே இறங்கியது. ரயில்வேயில் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளைச் சுற்றி ஒரு சமூகமாக நிலைத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காற்பந்து. ஹாக்கி நகரத்துப் பள்ளிக்கூடத்தின், அலுவலகத் திடலின் ஆட்டம். வேலையும் விளையாட்டும் ஒரே இடத்தில் கிடைத்த காலம் அது. கிலாட் கிளப்பே அப்போதைய தேசிய மின்சார வாரியத்தின் கிளப்தான். பாலசிங்கம், பத்மராஜா, மகேந்திரன், பிரான்சிஸ் என்று எழுபதுகளின் மலேசிய அணியில் இத்தனை தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வருவதற்குப் பின்னால், பள்ளி முடிந்ததும் இலாகா அணி, இலாகா அணியிலிருந்து மாநில அணி என்ற ஓர் ஏணி இருந்தது.

அந்த ஏணியின் அடியில் கிடந்தது மேடுபள்ளமான புல். அதில் பந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் இந்த விவாதத்துக்கே மூலம். மழை பெய்து ஓய்ந்த மாலையில், நேராக வரவேண்டிய பந்து ஒரு புல்கற்றையில் பட்டு மட்டைக்கு இரண்டு விரற்கடை முன்னால் துள்ளும். அதைப் பிடிக்க மட்டையைச் செங்குத்தாக வைத்து, பந்து தொடும் கணம் வரை கண்ணை எடுக்காமல் குனிந்து பார்த்தாக வேண்டும். பிடித்த பந்தை முப்பது அடி தள்ளி நிற்கும் தோழனுக்குத் தட்டிவிட்டால் அது அவனைப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஆகவே பந்தைத் தானே கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம். இடக்கை மட்டையைத் திருப்ப, வலக்கை வெறும் உறைபோலத் தளர்ந்து பிடித்திருக்க, மட்டையின் வளைவு பந்தின் மேல் இடமும் வலமும் புரண்டுகொண்டே போகும். உலகம் இதை இந்திய டிரிபிளிங் என்று அழைத்தது. இதை அலங்காரம் என்று எண்ணுவது தவறு. நம்பமுடியாத தரைக்கு அறிவுள்ள ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த விடை அது.

தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் கணக்கே மாறிவிடுகிறது. பந்து கோடு கிழித்தாற்போல் வருகிறது. மனிதனின் காலைவிடப் பல மடங்கு விரைவாகவும் வருகிறது. மட்டையைத் தரையோடு படுக்கவைத்தால் போதும், பந்து அதில் வந்து நிற்கும். பந்து துள்ளாது என்ற உறுதி இருப்பதால், அது வரும்போதே தலையை நிமிர்த்தி யார் எங்கே ஓடுகிறார், எந்த இடம் காலியாகிறது என்று பார்க்க முடிகிறது. ஆக, புல்லிலிருந்து வந்தவன் டர்ஃபில் திணறுவதற்குக் கை காரணம் இல்லை. துள்ளும் பந்தை அடக்கிப் பழகிய கைக்கு நேராக வரும் பந்து எளிதுதான். அவனுக்குத் தடையாக நிற்பது கண். பந்தைப் பார்த்தே வளர்ந்த கண் திடலைப் பார்க்கப் பழகவில்லை. அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எதிரணி மூன்று தட்டில் இடம் மாறிவிடுகிறது. இடைவிடாத ஓட்டத்துக்கு வேண்டிய உடல் வலிமையும் தேவைதான். ஆனால் அதை ஒரு நல்ல பயிற்சியாளர் சில மாதங்களில் ஏற்றிவிடுவார். கண்ணின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

எதிர்த்தரப்பின் சான்றுகள் வலுவானவைதான். மொன்ட்ரியலில் இந்தியாவுக்கு ஏழாம் இடம். தங்கமும் வெள்ளியும் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயின. உலகக் கிண்ணம் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்த 1986 லண்டன் போட்டியில், பன்னிரண்டு அணிகளில் பாகிஸ்தான் பதினொன்றாவது, இந்தியா பன்னிரண்டாவது. ஆசிய ஆட்டமுறைக்கு இது மரண அறிவிப்பு என்று அன்றைக்குப் பலர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் அதற்கு இரண்டே ஆண்டுக்கு முன், 1984-இல், லாஸ் ஏஞ்சலிஸின் செயற்கைத் தரையில் தங்கம் வென்றது அதே பாகிஸ்தான். 1994-இல் சிட்னியில் உலகக் கிண்ணத்தையும் அது கைப்பற்றியது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரான ஷாபாஸ் அகமது டிரிபிளிங்கால் உலகப் புகழ் பெற்றவர். அந்த முறையே தரைக்கு ஒவ்வாதது என்றால் இந்த வெற்றிகளுக்கு விளக்கம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் கதையும் இதையே சொல்கிறது. அந்நாட்டு ஹாக்கியை உயர்த்தியவர்களில் முக்கியமானவர்கள், இந்தியாவிலிருந்து பெர்த்துக்குக் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பமான பியர்ஸ் சகோதரர்கள் ஐவர். இந்தியக் கைவித்தை அந்த மண்ணில் ஓட்டத்தோடும் உடல் வலிமையோடும் சேர்ந்தது. 1986 லண்டனில் கிண்ணத்தை வென்றது அந்த ஆஸ்திரேலியாதான்.

தமிழர்களிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் மொன்ட்ரியலில் ஏழாம் இடம் பெற்ற இந்திய அணியில் இருந்தவர். நான்கு ஆண்டு கழித்து மாஸ்கோவில், செயற்கைத் தரையில், அணித்தலைவராகத் தங்கம் வென்றார். பல வலுவான நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன என்பதைக் கழித்துப் பார்த்தாலும், தரை புதிது என்ற காரணம் அவரைக் கட்டிப்போடவில்லை. தன்ராஜ் பிள்ளையின் சான்று இன்னும் உறுதியானது. புனேயை ஒட்டிய கட்கியில், ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில், உடைந்த மட்டையோடு புழுதித் தரையில் பழகிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்கும், 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கிண்ணமும் ஆடினார். லண்டன், லியோன், ஸ்டுட்கார்ட் கிளப்புகளோடு மலேசியாவின் பேங்க் சிம்பானான் நேஷனல், டெலிகோம் அணிகளுக்கும் ஆடியவர் அவர். புழுதியில் கற்ற கை டர்ஃபில் என்ன செய்யும் என்பதை மலேசிய ரசிகர்கள் நேரிலேயே பார்த்தார்கள்.

இதே கேள்வி வேறொரு ஆட்டத்தில், அமெரிக்கக் காற்பந்தில், நெடுங்காலம் அலசப்பட்டது. அங்கே கல்லூரி அணிகள் ஆட்டக்காரர்களைத் திடல் முழுக்கப் பரப்பி நிறுத்தி ஆடும் ஸ்ப்ரெட் முறையைக் கையாண்டன. அதில் பந்தெறிந்து பேர் வாங்கிய, அணியின் தாக்குதலை இயக்கும் குவாட்டர்பேக்குகள் தொழில்முறை ஆட்டத்தில் தேறமாட்டார்கள் என்பது பல ஆண்டுகள் வேதவாக்காக இருந்தது. யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 2005-இல் தொழில்முறை அணிகளின் ஆட்டக்காரர் தேர்வில் முதல் ஆளாகத் தேர்வான அலெக்ஸ் ஸ்மித்தின் தொடக்க ஆண்டுத் தடுமாற்றம் அதற்குச் சாட்சியாகக் காட்டப்பட்டது. அங்கும் சந்தேகம் கையின் மேல் எழவில்லை. எதிரணி அரணைப் படிக்கும் கண்ணின் மேல்தான் எழுந்தது. 2017-இல் டெக்சஸ் டெக்கிலிருந்து வந்த பேட்ரிக் மஹோம்ஸை கேன்சஸ் சிட்டி அணி உடனே களத்தில் இறக்கவில்லை. அதே அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு பருவம் முழுக்க உட்காரவைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அவர் கொண்டுவந்த முறையின் நல்ல கூறுகளைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட் தம் ஆட்டத்திலும் சேர்த்துக்கொண்டார். அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் மூன்று வெற்றிகள் தொடர்ந்தன. ஒரு பக்கம் கற்றுக்கொள்ள நாள் கொடுத்தார்கள், மறுபக்கம் மேல்மட்ட ஆட்டம் அவரை நோக்கி ஓரடி இறங்கி வந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் பழைய வேதவாக்கே வென்றிருக்கும். ஹாக்கியில் தரை இறங்கி வராது. ஆகவே நாள் கொடுப்பது ஒன்றுதான் நமக்கு இருக்கும் வழி.

மலேசிய வரலாறு இதற்குப் பொருந்துகிறதா? 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகப் புக்கிட் ஜாலிலில் ஹாக்கி அரங்கம் எழுந்தது. அந்த ஆண்டு மலேசியா வெள்ளி வென்றது. அதற்கு முன்பே, 1996-இல் திறந்த புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, இளம் வயதிலேயே பிள்ளைகளைச் செயற்கைத் தரையில் வளர்க்கத் தொடங்கியிருந்தது. சிட்னி ஒலிம்பிக்கில் ஆடிய குகன் சண்முகநாதன் பெனால்டி கார்னர் அடிப்பதில் பேர் பெற்றார். கோல்காவலர் குமார் சுப்பிரமணியம் 300-க்கும் மேற்பட்ட அனைத்துலக ஆட்டங்கள் ஆடி, 2010, 2018 ஆசிய விளையாட்டுகளின் வெள்ளிப் பதக்கங்களில் பங்கு கொண்டார். 2013-இல் கே. தர்மராஜ் பயிற்றுவித்த இளையோர் அணி, புதுடில்லியில் நடந்த இளையோர் உலகக் கிண்ணத்தில் நான்காம் இடம் பெற்றது. 1975-க்கும் இந்த முடிவுக்கும் உள்ள ஒப்புமையை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. மறுத்துரைப்பவர்கள் உடனே 2014-ஐக் காட்டுவார்கள்: அந்த ஆண்டு மூத்தோர் உலகக் கிண்ணத்தில் மலேசியா கடைசி, பன்னிரண்டாவது. இளையோர் வெற்றி மேலே செல்லுபடியாகவில்லையே என்பார்கள். ஆனால் இருபது வயது ஆட்டக்காரர்கள் ஆறே மாதத்தில் முதிர்ந்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தவறான அளவுகோல். அந்தத் தலைமுறையில் சிலர் 2018 ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் ஜப்பானுடன் 6-6 வரை நின்று பெனால்டி ஷூட்-அவுட்டில்தான் தங்கத்தை இழந்தார்கள். மஹோம்ஸுக்குக் கிடைத்த பொறுமை இவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

தமிழர் பெயர்கள் அணியில் குறைந்ததற்குத் தரை காரணமே இல்லை, சமூகம்தான் காரணம் என்ற மறுப்புக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். இலாகா வேலைகள் வழியாக வந்த ஏணி சரிந்தது உண்மை. ரயில்வே குடியிருப்புகள் இருந்த இடத்தில் இன்று உயர்மாடிகள் நிற்கின்றன. இந்த மாற்றத்தின் பெரும் பங்கை நான் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புல்திடல் காலத்தில் ஒரு பிள்ளைக்கு வேண்டியது ஒரு மட்டை, ஒரு பந்து, பள்ளிக்குப் பின்னால் ஒரு திடல். செயற்கைத் தரை வந்தபின், தரம் உயரும் இடமும் பிள்ளை வாழும் இடமும் தனித்தனியாகிவிட்டன. அரங்கத்துக்குப் போகப் பேருந்து வேண்டும், வாடகை வேண்டும், உடன்போக ஓர் ஆசிரியர் வேண்டும். வசதியுள்ள பள்ளி இதைச் சமாளிக்கும். சிறிய தமிழ்ப்பள்ளி புல்லிலேயே பயிற்சி கொடுத்துவிட்டு, வட்டாரப் போட்டியன்றுதான் பிள்ளைகளை முதன்முறையாக டர்ஃபில் இறக்கும். அன்றைக்கு அவர்கள் தோற்பதைக் கண்டு, இவர்களுக்கு ஆட்டம் வராது என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

புல்திடல் பயிற்சியைக் கைவிடச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. துள்ளும் பந்து தரும் மென்மையான கை வேறெங்கும் கிடைக்காது. அதைப் பத்து வயதுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதோடு கண்ணுக்கு வேண்டிய தரையையும் அந்த வயதிலேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து புக்கிட் ஜாலில் தூரமில்லை. கிள்ளான் பிள்ளைகளுக்குப் பண்டமாரானிலேயே ஹாக்கி அரங்கம் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் அமைப்புகளும் இரண்டு மூன்று தமிழ்ப்பள்ளிகளைச் சேர்த்து ஒரு பேருந்து பிடித்து, வாரத்தில் ஒரு மாலையாவது அந்தப் பிள்ளைகளைச் செயற்கைத் தரையில் நிற்கவைக்கட்டும். இந்த ஆண்டுப் பள்ளிப் போட்டிகளுக்கு முன்பே அதைத் தொடங்கிவிடலாம்.