பேர் பதிந்த வரலாறு

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களிலே வழங்கும் சொற்களுள் "பேர்" என்பதைப் போல் ஆழ்ந்த பொருள் கொண்ட சொல் பிறிதொன்று இல்லை எனலாம். ஏனைய இடங்களில் பேர் என்றால் ஒருவருடைய பெயர். தோட்டத்திலோ ஒரு நாள் உழைப்புக்குரிய கூலிக்கும் அதுவே பெயர். நாள் முழுதும் வேலை செய்தவருக்கு ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாதவருக்கு அரைப்பேர். கணக்கப்பிள்ளையின் சினத்துக்கு ஆளானவருக்குப் பேர் வெட்டு. மனிதனுடைய பெயரும் அவனுடைய அன்றன்றைய கூலியும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்ட இந்த விந்தைக்குள் எமது மக்களின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கின்றது. தோட்டத்துச் செக்ரோலில் நாள்தோறும் பதியப்பட்ட இப்பெயர், நாட்டின் பதிவேட்டில் பதியப்படுவதற்கு எத்தனை காலம் சென்றது? அதனையே இக்கட்டுரையில் நோக்குவோம்.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு கடுகண்ணாவைக் கணவாயூடாக அமைக்கப்பெற்றது. கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கபிட்டியாவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்சும் 1820களிலே கோப்பி பயிரிடலாயினர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் அங்கே கோப்பிச் செய்கை தளர்ந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கண்டியைச் சூழ்ந்த காடுகள் அழிக்கப்பட்டன. சொந்த வயலும் சேனையும் உடைய சிங்களக் குடியானவர் தோட்டக் கூலி வேலைக்குப் பெரிதும் வரவில்லை. ஆகவே தென்னிந்தியக் கிராமங்களிலே வறுமையாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நலிந்து கிடந்த மக்கள் அழைத்து வரப்பட்டனர்.

அவர்கள் வந்த வழியை இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். இராமநாதபுரக் கரையிலே தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக ஏறக்குறைய 150 மைல் தூரத்தைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் எண்ணிலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. உயிர் தப்பி வந்தவர்க்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளை. இன்று மாசிமகத்தில் ஐந்து தேர் பவனிவரும் மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியில் நின்று வணங்கும்போது, அந்த நெடுவழியில் வீழ்ந்தவரையும் ஒரு கணம் நினைத்தல் எம்மவர் கடன்.

கோப்பிக் காலத்தில் வந்தவர் பெரும்பாலும் ஆடவர். பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்தபின் பலர் ஊர் திரும்பினர். இந்நிலையை மாற்றியது ஒரு நோய். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பித் தோட்டங்கள் பாழாயின. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நாட்டியிருந்தார். கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டிலேதான். தேயிலை கோப்பியைப் போன்றதன்று. ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. வாரந்தோறும் பறித்தாக வேண்டியது. வந்து போகும் ஆடவர் கூட்டம் அதற்குப் போதாது. நிலைத்து வாழும் குடும்பம் வேண்டும். கொழுந்தை நுனி கெடாமல் கிள்ளும் பெண்களின் விரல்கள் வேண்டும். ஒரு செடி மாறியதனால் ஒரு சமுதாயமே மாறியது. வழிப்போக்கராய் வந்தோர் குடிமக்களாயினர். ஆயினும் குடிமக்கள் என்று அவர்களைப் பதிவு செய்ய எவரும் முன்வரவில்லை.

தோட்டத்து நாளை நோக்குவோம். விடியுமுன் தப்பு ஒலிக்கும். பெண்கள் அதற்கும் முன்னதாக எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்புவித்துவிட்டுப் பிரட்டுக் களத்துக்கு விரைவர். அங்கேதான் பேர் கூப்பிடுவது. யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது, யார் கவ்வாத்து வெட்டுவது, யார் முள்ளுக் குத்துவது என்பதெல்லாம் அக்களத்திலே தீர்மானமாகும். தலையிலே கூடைக் கயிறு, இடையிலே படங்குச் சாக்கு, மழைக்குக் கம்பளிக் கொங்காணி. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்து நிறுவைக்கு வரும். நிறுவையில் ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழித்துக்கொள்வார்கள். மாலையிலே செக்ரோலில் பேர் விழும். விழாத நாளும் உண்டு.

கூலியும் முழுதாகக் கைக்கு வந்ததன்று. அரிசி தோட்டத்தாலேயே கொடுக்கப்பட்டு அதன் விலை கழிக்கப்பட்டது. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகத் தொடர்ந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டம் செல்ல வேண்டுமாயின், கடன் தொகை எழுதிய "துண்டு" ஒன்று வேண்டும். புதிய தோட்டத்தார் அந்தக் கடனைத் தீர்த்து ஆளை ஏற்றுக்கொள்வர். அதாவது மனிதன் தன் கடனோடு கைமாறினான். இத்துண்டு முறை 1921இலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. எனினும் ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கு அதிலும் குறைந்த கூலி, பிள்ளைக்கு அதனினும் குறைந்த கூலி என்றே விதித்தது.

இவ்விடத்தில் அமெரிக்காவை ஒப்புநோக்குதல் பயன் தரும். அங்கே 1850ஆம், 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புகளில் அடிமைகளின் வயதும் பாலும் நிறமும் பதியப்பட்டன; பெயர் பதியப்படவில்லை. எசமானின் பெயரின் கீழே வெறும் எண்ணிக்கையாகவே அவர்கள் நின்றனர். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேதான் கறுப்பின மக்கள் அனைவரும் முதன்முறை பெயரோடு எழுதப்பட்டனர். அதே ஆண்டில் நிறபேதமின்றி ஆடவர்க்கு வாக்குரிமை அரசியலமைப்பிலே ஏறியது. ஆயின் தென்மாநிலங்கள் எழுத்தறிவுச் சோதனையென்றும் தலைவரியென்றும் தடைகளை இட்டு அவ்வுரிமையைப் பறித்துக்கொண்டன. 1965ஆம் ஆண்டுச் சட்டமே அதனை மெய்யாக மீட்டது. எம்முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டவரல்லர். இரு நிலைகளும் ஒன்றெனச் சொல்வது பிழையாகும். ஆனால் உழைப்புக்கு வேண்டப்பட்டு உரிமைக்கு வேண்டப்படாத மக்களின் பெயர் எவ்வாறு ஏறியும் இறங்கியும் வருகிறதென்பதில் இரு வரலாறுகளும் ஒத்திருக்கின்றன.

இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளர் இந்நாட்டில் நிலையாக வாழ்பவர் என நிறுவினாலன்றி அப்பட்டியலில் இடம்பெற முடியாதென விதிக்கப்பட்டது. ஆயினும் பல்லாயிரம் பேர் வாக்காளராயினர். அக்காலத்தே கோ. நடேசையர் துண்டுப் பிரசுரத்தாலும் பத்திரிகையாலும் தோட்டத்துக்குள் நுழைந்து தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடி மக்களைத் தட்டியெழுப்பினார். 1939இல் நேரு வந்து சென்றபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. 1940 சனவரியில் கண்டிப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் துறந்தார். செக்ரோலில் மாத்திரம் இருந்த ஒரு பேர் அன்று நாட்டின் வரலாற்றில் ஏறியது. உயிரை விலையாகக் கொடுத்தே ஏறியது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கம், நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமான், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் எனச் சான்று கேட்டது அச்சட்டம். லயத்து அறையிலே பிறந்து லயத்து அறையிலேயே மாண்டவர்க்குச் சான்றேது? வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்கள் நீங்கின. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே.

விண்ணப்பங்கள் பல தள்ளுண்டமைக்குப் பெயரே ஒரு காரணம் என்பதை முதியோர் அறிவர். காதில் விழுந்தபடி எழுதுநர் எழுதினார். செக்ரோலில் மாரியாயி, பிறப்புச் சான்றில் மாரியம்மா, பள்ளிக்கூடத்து இடாப்பில் மாரியம்மாள். மூன்றும் ஒருத்தியே என்று நிறுவ ஒரு தலைமுறை காரியாலய வாசல்களிலே காத்து நின்றது.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. ஒரு வீட்டிலே அண்ணன் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை என்ற நிலை நேர்ந்தது. கண்டிப் புகையிரத நிலையத்திலும் மலைநாட்டின் ஏனைய நிலையங்களிலும் பிரிந்தோர் கதறியழுத காட்சியை நேரிற் கண்டோர் இன்னும் எம்மிடையே உள்ளனர். இறுதியில் 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே நாடற்றோர் என்ற சொல்லுக்கு முடிவு கட்டின. 1948இலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள்!

இதற்கிடையே தோட்ட வாழ்வும் மாறி வந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாயிற்று. நூறாண்டுக்கு மேலாகத் தோட்டத்தைத் தாங்கிய பெண்ணின் பேர் அன்றுதான் ஆணின் பேருக்கு ஈடாகியது. 2021இல் நாட்கூலி 1000 ரூபா என நிர்ணயிக்கப்பெற்றது. ஒரே ஆசிரியர் ஐந்தாம் வகுப்புவரை கற்பித்த தோட்டப் பள்ளிகள் 1970கள் தொட்டுப் படிப்படியாக அரசாங்கப் பள்ளிகளாயின. லயத்துப் பிள்ளைகள் பேராதனைப் பல்கலைக்கழகம் புகுந்து ஆசிரியராகவும் வைத்தியராகவும் வெளிவந்துள்ளனர். மரத்தடியில் நட்ட சூலமும் கல்லும் கோபுரம் கொண்ட கோயில்களாயின. ஆனால் மாசியிலே ஊர்கூடி ஆடிய காமன் கூத்து பல தோட்டங்களில் அருகி வருகின்றது. தப்பு அடித்தோரைத் தாழ்ந்தவராகக் கருதிய பழக்கமும் முற்றாக ஒழிந்ததென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எம்மால் இயலுமா? பிறர் எமக்கு மறுத்த மதிப்பை எமக்குள்ளேயே ஒருவருக்கு மறுப்பது அறமாகாது.

பிரசாவுரிமை கிடைத்தபின்னும் பேர் முழுமை பெறவில்லை. தனி வீட்டுக்கும் காணிக்கும் உறுதிப்பத்திரம் இல்லாக் குடும்பங்கள் இன்னும் பல. பல தோட்டங்களிலே கடிதங்கள் வீடு தேடி வருவதில்லை. தோட்டக் காரியாலயத்துக்கே வருகின்றன. வேலைக்கான அழைப்புக் கடிதம் நாள் கடந்து கையில் கிட்டியதால் வாய்ப்பிழந்த இளைஞரும் உளர். பெயர் இருந்தும் முகவரி இல்லையெனில் அது அரைப்பேரேயாகும்.

2023இல் மலையகத்தாரின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியில் மீண்டும் நடந்தது போற்றத்தக்கது. அத்துடன் நின்றுவிடாது எமது இளைஞர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. பழைய செக்ரோல்கள் கறையானுக்கும் பழைய கடதாசிக் கடைக்கும் இரையாகி வருகின்றன. தாத்தா, அப்பாயி, அம்மாயி ஆகியோர் தம் பெற்றோரின் பெயர், வந்த ஊர், வேலை செய்த மலை ஆகியவற்றைச் சொல்லக்கூடிய காலம் இன்னும் சில ஆண்டுகளே. ஞாயிறுதோறும் ஒரு வீடு சென்று, ஒரு கொப்பியில் அவற்றை எழுதிக்கொள்ள எவ்விதப் பணமும் வேண்டியதில்லை. முதியோரும், "அந்தக் கஷ்டமெல்லாம் இப்ப எதுக்கு?" என்று தட்டிக் கழியாது வாய் திறத்தல் வேண்டும்.

வன்னிக் காட்டில் வீழ்ந்தோரின் பெயரை இனி எவராலும் எழுத முடியாது. லயத்தில் வாழ்ந்து மறைந்தோரின் பெயரையேனும் எழுதிவைப்போம். துரை எழுதிய புத்தகத்தில் எமது பேர் கூலிக்காக இருந்தது. நாமே எழுதும் புத்தகத்தில் அது மனிதரின் பெயராக இருக்கட்டும்.