கட்டைவிரல் மை

என் அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கடுகண்ணாவைத் தபால் கந்தோரில் காசு எடுக்கப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். படிவத்தை நான் நிரப்புவேன். கவுண்டருக்குள் இருப்பவர் மைத்தட்டை முன்னால் நகர்த்துவார். அம்மாயி இடது கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் ஒருமுறை துடைத்து, மையில் ஒற்றி, தாளில் வைத்து, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உருட்டி எடுப்பார். கொழுந்து பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த விரல். முதல் தடவை சரியாக விழாது. இரண்டாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவார். பிறகுதான் சேமிப்புப் புத்தகத்தில் 'டொக்' என்று தேதி முத்திரை விழும். வீடு வந்து சேரும்வரை அந்த விரலை மடக்கியே வைத்திருப்பார்.

பல வருடங்களாக நினைக்காத அந்தக் காட்சியை எனக்குத் திருப்பித் தந்தது ஒரு வீடியோ விளையாட்டு. சென்ற விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன் விறாந்தையில் உட்கார்ந்து நின்டெண்டோவின் 'மஜோராஸ் மாஸ்க்' விளையாடிக்கொண்டிருந்தான். 2000ஆம் ஆண்டில் வந்த 'செல்டா' வரிசைக் கதை அது. திரையில் பையன் ஒருவன் தலைதெறிக்க ஓடினான். எங்கே ஓடுகிறான் என்று கேட்டேன்.

"பேங்குக்கு மாமா. காசப் போடாம பாட்ட வாசிச்சா அவ்வளவும் போயிடும்."

அன்று மாலை முழுவதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வங்கிக்காரரையும் எங்கள் தபால் கந்தோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்ததுதான்.

விளையாட்டின் கதை இப்படி. கிளாக் டவுன் என்று ஓர் ஊர். நடுவில் ஒரு கடிகாரக் கோபுரம். மூன்று நாளில் நிலா அந்த ஊர்மேல் விழுந்துவிடும். விளையாட்டின் எழுபத்திரண்டு மணி நேரம், நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் எல்லாவற்றையும் செய்து முடிக்க முடியாது. ஆகவே லிங்க் என்ற அந்தப் பையன் ஊதுகுழலில் ஒரு பாட்டு வாசித்து முதல் நாள் விடியலுக்கே திரும்பிப் போகிறான். திரும்பும்போது அவன் பையிலிருந்த காசு, அம்பு, வெடிகுண்டு எல்லாம் மறைந்துவிடும். அவன் உதவி செய்த மனிதர்களும் அவனை மறந்துவிடுவார்கள்.

ஊரின் மேற்குப் பகுதியில் கவுண்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் வங்கிக்காரரிடம் போட்ட காசு மட்டும் மறையாது. முதல் தடவை காசு போடும்போது அவர் பையன் மேலேயே ஒரு முத்திரை குத்துகிறார். காலம் பின்னோக்கிப் போனாலும் அந்த முத்திரை அழிவதில்லை. மறுபடி போய் நின்றால் அவருக்குப் பையனைத் தெரியாது. முத்திரையைப் பார்த்ததும், இவன் பெயர் இது, இவன் போட்ட தொகை இவ்வளவு என்று கணக்கு வந்துவிடுகிறது. இதே ஆளின் உருவம் 1998இல் வந்த முந்தைய கதையில் பிச்சைக்காரராக வந்தது. அங்கே பூச்சி, மீன் என்று கிடைத்ததை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர், இங்கே ஊர்க் காசுக்குக் காவல்.

அந்த விளையாட்டில் புழங்கும் காசின் பெயரும் நமக்குப் பழக்கமானதுதான்: ரூபீ. பச்சை, நீலம், சிவப்பு என்று நிறக் கற்களாக இருக்கும். ஜப்பானிய மொழியில் நம் ரூபாயை எழுதுகிற அதே எழுத்துகளில்தான் அதையும் எழுதுகிறார்கள்.

இரண்டு இடத்திலும் மை இருக்கிறது. அங்கே வங்கி ஆளின் மேல் முத்திரை குத்துகிறது. சாட்சி பையனின் உடம்பில் இருக்கிறது, வங்கிக்காரருக்கு எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. இங்கே ஆள் வங்கியின் தாளில் விரலைப் பதிக்கிறார். அம்மாயி தன் அடையாளத்தைக் கொடுத்துவிட்டு வந்தார், அதைக் காப்பாற்றும் பொறுப்பு கந்தோருக்குப் போனது. கவுண்டருக்குள் இருந்தவருக்கோ புத்தகத்தைப் பார்க்கும் முன்பே அவரைத் தெரியும். "மகள் எப்படி, வேலைக்குப் போறாவா?" என்று கேட்டுக்கொண்டேதான் மைத்தட்டை நகர்த்துவார். மருமகனிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "இவருக்கு என்னைய ஞாபகமே இல்ல மாமா, எத்தன தடவ வந்தாலும்" என்றான். அவனுக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது.

பணத்தை ஏன் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும்? விளையாட்டில் காரணங்கள் சுலபம். ஆரம்பத்தில் பையனின் பணப்பையில் 99க்கு மேல் கொள்ளாது. அடுத்த பையில் 200, பெரிய பையில் 500. மிச்சத்தை வைக்க வங்கி வேண்டும். 'டிராகன் குவெஸ்ட்' என்ற இன்னொரு ஜப்பானிய வரிசையிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. சண்டையில் எல்லோரும் விழுந்துவிட்டால் கையிலுள்ள காசில் பாதி போய்விடும், வங்கியில் போட்டது அப்படியே இருக்கும்.

அம்மாயி இருந்த தோட்டத்து லயத்தில் காசைக் கரைத்தது நிலாவும் இல்லை, பூதமும் இல்லை. அடுத்த காம்பராவில் ஒரு சாவு, எதிர்க் காம்பராப் பிள்ளைக்குக் காய்ச்சல், கோயில் திருவிழா, சம்பளத்துக்கு முன்னேயே ஏறிவிட்ட கடைக் கடன். எல்லாம் நியாயமான கேள்விகள். சுருக்குப்பையில் காசு இருப்பது தெரிந்தால் இல்லை என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது என்பதுதான் அம்மாயியின் வளர்ப்பு. காசு இருப்பது மலைக்குக் கீழே தபால் கந்தோரில். எடுக்க வேண்டுமானால் அரை நாள் பேரை, அதாவது அரை நாள் கூலியை, விட்டுவிட்டு இறங்கி வர வேண்டும். அந்தத் தூரம்தான் காசைக் காப்பாற்றியது. சீட்டும் கட்டினார்தான். ஆனால் சீட்டு பிடிப்பவரின் நாணயத்தில் நிற்கும் விஷயம் என்பதும் அவருக்குத் தெரியும்.

கடுகண்ணாவைக்காரர்களுக்கு இங்கே ஒரு வருடப் பொருத்தம் சொல்ல வேண்டும். கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் நினைவாக நிற்கும் நம் ஊர்க் கோபுரம் எழும்பியது 1832இல். அதே 1832இல்தான் ஆளுநர் வில்மட் ஹோர்ட்டன் காலத்தில் இலங்கைச் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. அது கொழும்பு ஆட்களின் வங்கி. மலையில் கூலிக்கு நின்றவர் கைக்கு எட்டியது 1885இல் வந்த அஞ்சலகச் சேமிப்பு வங்கிதான், ஏனென்றால் தபால் கந்தோர் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கவுண்டரும் இருந்தது. 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் இரண்டும் ஒன்றுசேர்க்கப்பட்டு 1972இல் தேசிய சேமிப்பு வங்கி உருவானது. வைப்புக்கு அரசு முழு உத்தரவாதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இன்றும் தபால் கந்தோர்களும் உப தபால் கந்தோர்களும் அதன் முகவர்களாகக் காசு வாங்குகின்றன.

உத்தரவாதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விளையாட்டு வங்கியும் நம் வங்கியும் விலகிப் போகின்றன. கிளாக் டவுன் வங்கிக்காரர் காசை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்? ஒன்றும் செய்வதில்லை. யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, ஊரில் அதனால் ஒரு கடைகூடத் திறப்பதில்லை. அது ஒரு பெட்டி. தேசிய சேமிப்பு வங்கியில் போட்ட காசின் பெரும்பகுதி சட்டப்படி அரசின் கடன் பத்திரங்களுக்குப் போகிறது. கட்டைவிரல் வைத்துக் காசு போட்ட தோட்டத்துப் பெண் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர். இதை நான் சும்மா சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பெண்ணின் தலைமுறையை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

முதல் நாளுக்குத் திரும்புவது என்றால் என்னவென்று அந்த மக்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போக மலையிலிருந்து இறங்கிய கோச்சி கடுகண்ணாவைச் சரிவு வழியாகத்தான் பொல்காவலைக்குப் போகும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அழுகைச் சத்தம் கேட்டதால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. மூட்டை முடிச்சோடு ஏறியவர்கள் அக்கரையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். வீடு, அயல், தெரிந்த முகம் எதுவும் கூட வரவில்லை. லிங்க்கைப் போல அவர்களையும் யாருக்கும் தெரியவில்லை.

விளையாட்டு முற்றிலும் மறைக்கிற ஒன்று விலை. முகமூடி ஒன்றுக்கு 500 ரூபீ என்றால் இருபத்தைந்து வருடமாக அதே 500. நூறு முறை காலத்தைத் திருப்பினாலும் வங்கியிலுள்ள 1000 அதே 1000தான், அதன் வாங்கும் சக்தியும் அதேதான். எங்கள் தோட்டத்து 1000 வேறு கதை. நாட்சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டு, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. மறு வருடம் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். முந்தைய வருடம் 1000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு அப்போது கிட்டத்தட்ட 1,700 ரூபாய் வேண்டியிருந்தது. சேமிப்புப் புத்தகத்தில் ஓர் எண்கூட அழியவில்லை, அரசு உத்தரவாதமும் மீறப்படவில்லை. அம்மாயி உயிரோடு இருந்திருந்தால் புத்தகத்தை விரித்து, "எல்லாம் அப்படியேதானே இருக்கு, பிறகு ஏன் மாவு வாங்கப் பத்தல?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை அவருக்குப் புரியும்படி சொல்ல என்னால் முடிந்திருக்குமா என்று தெரியவில்லை.

பரிசு விஷயத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. கிளாக் டவுனில் 200 ரூபீ சேர்ந்தால் பெரிய பணப்பை பரிசு, 1000 ஆனால் சிறு வட்டி, 5000 ஆனால் உயிர் வலுவைக் கூட்டும் இதயத்தின் ஒரு துண்டு. நம் வங்கிகளும் பிள்ளைகளை இப்படித்தான் அழைக்கின்றன. தேசிய சேமிப்பு வங்கியின் 'ஹபன்', இலங்கை வங்கியின் 'ரண் கெகுளு' என்று உண்டியலும் படிப்படியான பரிசுகளும் உண்டு. ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினத்தன்று கண்டி வங்கி வாசல்களில் நிற்கும் பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தாலே தெரியும். இதில் நான் குறை காணவில்லை. பழக்கம் வர ஒரு பொம்மை உதவுமானால் உதவட்டும்.

இன்னொரு விளையாட்டு வங்கியைச் சொல்லாமல் விட மனமில்லை. 1994இல் வந்த 'எர்த்பவுண்ட்' கதையில் பையனுக்கு அப்பா உண்டு, ஆனால் திரையில் ஒருநாளும் வரமாட்டார். தொலைபேசியில் பேசுவார். பையனின் கணக்கில் காசு போடுவார். பையன் ஊர் ஊராக ஏடிஎம் இயந்திரத்தில் எடுத்துக்கொள்வான். எங்கள் பக்கத்தில் இது கதையே இல்லை. அம்மா சவூதியில், அப்பா கட்டாரில். குரல் வட்ஸ்அப்பில், பாசம் மாதக் கடைசியில் கணக்கில். அந்த விளையாட்டை ஆடும் மலையகப் பிள்ளைக்கு அந்த அப்பாவைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிராது.

எது மேல் என்று மருமகன் கேட்டான். விளையாட்டு வங்கி ஒரு பாதியைச் சரியாகக் கற்றுத் தருகிறது: கையில் கொஞ்சம் வை, மிச்சத்தை எட்டாத இடத்தில் போடு, நாளைக்கு உனக்கே தேவைப்படும். பத்து வயதில் இது புரிவது பெரிய காரியம். மற்றப் பாதியை, அதாவது காசு எங்கே போகிறது, யார் அதற்குப் பொறுப்பு, அதன் மதிப்பை எது தின்கிறது என்பதை, அந்தக் கவுண்டரில் கற்க முடியாது. தபால் கந்தோர்தான் மேல் என்று சொன்னேன். வட்டிக்காக அப்படிச் சொல்லவில்லை. படிக்காத ஒரு பெண் பெருவிரலை வைத்து, "இது என் காசு" என்று அரசாங்கத்தின் தாளில் எழுத முடிந்த இடம் அது. குடியுரிமைப் பத்திரம் அவர் கைக்கு வருவதற்கு முன்பே அந்தப் புத்தகம் வந்துவிட்டது.

அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்து, கடைசிப் பக்கத்தின் தேதி முத்திரை மங்கிப்போயிருக்கிறது. வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் பழைய அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் ஒன்று கிடக்கலாம். சொற்பக் காசுதானே என்று எரித்துவிடாதீர்கள். 1972க்குப் பிறகு அந்தக் கணக்குகளின் பொறுப்பு தேசிய சேமிப்பு வங்கியைச் சேர்ந்தது. புத்தகத்தையும் உரியவரின் மரணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளைக்குப் போய்க் கேளுங்கள். போகும்போது வீட்டுப் பிள்ளை ஒன்றையும் கூட்டிப் போங்கள்.